பரிசிலும் வரிசையும்

டிக்டாக் நேரலையில் பாடுகின்ற ஒருவருக்குக் கேட்போர் அனுப்பும் பரிசுகளுள் மிகச் சிறியது ஒரு ரோஜாப்பூ. அதன் விலை ஒரு நாணயம். பெரியவற்றுள் ஒன்று சிங்கம். அதன் விலை 29,999 நாணயம். இந்நாணயங்கள் செயலிக்குள் மட்டுமே செல்லுபடியாகும் மாய நாணயங்கள். ஆயினும் மெய்யான பணம் கொடுத்தே வாங்கவேண்டும். மலேசிய வெள்ளியில் கணக்கிட்டால் ரோஜா ஐந்தாறு காசுக்குள் அடங்கும். சிங்கமோ ஏறத்தாழ 1,500 வெள்ளியில் வந்து நிற்கும். வாங்கும் வழியையும் நாணய மாற்றையும் பொறுத்து இது சற்றுக் கூடும், குறையும். நாட்டின் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 வெள்ளி என்பதை நினைவிற் கொண்டால் இச்சிங்கத்தின் எடை விளங்கும். சுங்கைப்பட்டாணியிலோ கூலிமிலோ ஒரு தொழிற்சாலையில் ஒரு மாதம் கால் கடுக்க நின்று ஈட்டுவதில் பெரும்பகுதியை, திரையில் சில நொடி உறுமிவிட்டு மறையும் ஒரு படத்திற்காக ஒருவர் ஈந்துவிடலாம்.

இவ்வழக்கைப் பற்றி இரு பேச்சுகள் உலவுகின்றன. மூத்தோர் இதனைக் கையேந்தல் என்பர். இளையோர் இதனைத் தொழில் என்பர். இரு சாராரும் பெறுகின்றவரையே நோக்குகின்றனர். கொடுக்கின்றவர் எதைக் கருதிக் கொடுக்கின்றார், அக்கொடை பாட்டை என்ன செய்கின்றது என்னும் வினாக்கள் எழவே இல்லை. கலைஞனுக்குப் பொருள் கொடுப்பது பற்றித் தமிழில் ஈராயிரம் ஆண்டுச் சிந்தனை உண்டு. பரிசில் என்பது அதன் பெயர். அதனை உரைகல்லாகக் கொண்டு இப்புதிய பொன்னை உரைத்துப் பார்த்தல் தகும்.

பரிசில் பெறுவதைச் சங்கப் புலவர்கள் மறைத்தவர்கள் அல்லர். பெற்றதை ஊரறியப் பாடியவர்கள். பட்டினப்பாலை பாடிய கடியலூர் உருத்திரங்கண்ணனார்க்குப் பதினாறு நூறாயிரம் பொன் கிடைத்தது என்று கலிங்கத்துப்பரணி கூறுகின்றது. காவிரிப்பூம்பட்டினத்துத் துறையில் வந்து குவிந்த பொருள்களுள் காழகத்துச் செல்வத்தையும் அப்பாட்டு எண்ணுகின்றது. காழகமாவது கடாரம் என்று நச்சினார்க்கினியர் உரை கண்டார். கடாரத்தைக் கெடா என்று கொள்வர் வரலாற்றாசிரியர். தமிழில் மிகப் பெரிய பரிசில்களுள் ஒன்றைப் பெற்றதாகச் சொல்லப்படும் பாட்டிலேயே இம்மண்ணின் பெயரும் நிற்கின்றது என்பது கெடாவில் உள்ள தமிழ்ப் பிள்ளைகள் அறிந்து வைத்துக்கொள்ள வேண்டிய செய்தி. தொகை மெய்யோ புகழ்மொழியோ, அதை ஆராய்வோர் ஆராய்க. உருத்திரங்கண்ணனாரைக் கையேந்தியவர் என்று இதுகாறும் எவரும் சொன்னதில்லை. ஆகவே மூத்தோரின் குற்றச்சாட்டு அந்த அளவில் நில்லாது. பாடிப் பொருள் பெறுவதில் இழிவு யாதும் இல்லை.

இழிவு வேறோரிடத்தில் நுழைகின்றது. அவ்விடத்தைத் துல்லியமாகக் காட்டியவர் பெருஞ்சித்திரனார். மலைகள் பல கடந்து அவர் அதியமான் நெடுமான் அஞ்சியிடம் சென்றார். அவனோ அவரை நேரிற் காணாமலே பொருளை மட்டும் கொடுத்தனுப்பினான். புலவர் அதனைக் கொள்ள மறுத்தார். தம்மைப் பாராமல் கொடுத்ததைப் பெற்றுச் செல்லத் தாம் பரிசில் வாணிகம் செய்பவர் அல்லர் என்றார். தம் தகுதியை அளந்தறிந்து தந்தால் தினையளவும் போதும் என்றார். புறநானூற்றில் இது 208ஆம் பாட்டு. இவ்வாறு மறுத்தவர் செல்வர் அல்லர் என்பதை மறந்துவிடலாகாது. தம் வீட்டின் பசியை, பாலின்றி அழும் குழந்தை உட்பட, குமணனிடம் எடுத்துரைத்தவரும் இவரே. பசித்தவர் ஒருவர், தம்மைக் காணாத கொடையை வேண்டா என்கின்றார். கபிலரும் 121ஆம் பாட்டில் மலையமான் திருமுடிக்காரியை நோக்கி, கொடுத்தல் எளிது, வருபவரின் வரிசை அறிதலே அரிது என்று இடித்துரைக்கின்றார்.

வரிசை என்னும் சொல் இன்று பேருந்து நிறுத்தத்தில் நிற்கும் முறையைக் குறிக்கின்றது. கபிலர் காலத்தில் அது தகுதியை, தரத்தைக் குறித்தது. புரவலன் புலவனின் வரிசையை அளந்தான். அளந்து அறிந்தமைக்குச் சான்றாகப் பொன் வந்தது. எனவே பரிசில் என்பது பொன் உருவில் வந்த ஒரு திறனாய்வு எனலாம்.

நேரலையில் இவ்வளவை தலைகீழாகிவிட்டது. அங்கே வரிசைப்படுத்தப்படுபவர் கொடுப்பவரே. அன்றைய அரங்கில் மிகுதியாகக் கொடுத்தோரின் படங்கள் திரையின் மேற்புறத்தில் முதல்வர், இரண்டாமவர், மூன்றாமவர் என முறையாக நிற்கின்றன. கொடுக்கக் கொடுக்க அவர் பெயரருகே படிநிலை எண் ஒன்று ஏறிக்கொண்டே போகின்றது. யூடியூப் நிறுவனம் 2017இல் கொணர்ந்த ‘சூப்பர் சாட்’ முறையிலும் இதே தத்துவந்தான். கொடுத்த தொகை உயர உயரக் கொடுத்தவரின் வாசகம் வேறு வண்ணம் பெறும், கூடுதல் நேரம் உச்சியில் நிற்கும். மிகப் பெருந்தொகைக்கு ஐந்து மணி நேரம் நிற்கும். பாடியவரின் சுருதி சேர்ந்ததா, சொல் தெளிந்ததா என்று அளக்கும் கருவி எதுவும் அங்கில்லை. ஈந்தவரை அளக்கும் கருவிகளோ ஒன்றுக்கு நான்காக உள்ளன. ‘ட்விட்ச்’ முதலிய பிறவற்றை விரித்தல் மிகை. பெயர்தான் வேறு, அமைப்பு ஒன்றே.

கொடுப்போரை நகைப்பது எளிது. அவர்கள் ஏன் கொடுக்கின்றனர் என்பது தோட்ட வாழ்வை அறிந்தார்க்கு நன்கு விளங்கும். அங்கே ஒரு தொழிலாளியின் பெயர் உரக்க அழைக்கப்பட்ட இடம் விடியற்காலைப் பெரட்டுக்களம். அது வேலைக்கான அழைப்பு; வராவிட்டால் அன்றைய கூலி இல்லை. ஆண்டுக்கொரு முறை அம்மன் திருவிழாவில், விடிய விடிய நடக்கும் கூத்துக்கு நடுவே, அதே பெயர் வேறு விதமாக ஒலித்தது. பால்மரம் சீவும் இன்னார் ஒரு வெள்ளி அன்பளிப்புச் செய்திருக்கின்றார், அவரும் அவர் குடும்பமும் நீடூழி வாழ்க என்று கட்டியங்காரன் கூவுவான். லயம் முழுவதும் திரும்பிப் பார்க்கும். அவ்வொரு வெள்ளியின் சுவை, கிராணிக்கும் மண்டோருக்கும் அஞ்சி வாழ்ந்த மனிதனுக்கு மட்டுமே தெரியும். இரப்பர் காடுகள் செம்பனையாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறின. மக்கள் பட்டணங்களில் சிதறினர். 1996இல் திறக்கப்பட்ட கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்கா போன்ற இடங்களில் இரவு முறை வேலைக்குச் செல்கின்ற இளைஞனுக்கு இயந்திரத்தின் எண் உண்டு, அடையாள அட்டையின் எண் உண்டு. அவன் பெயரைச் சொல்லி வாழ்த்த ஒரு கூத்து மேடை இல்லை. நள்ளிரவில் ஒரு பாடகி அவன் பெயரை உச்சரித்து நன்றி அண்ணா என்கின்றாள். ஐந்து காசு ரோஜாவில் தொடங்கிய கை பெரியதை நோக்கி நகர்வது வியப்பன்று.

ஆயினும் கூத்துக்கும் நேரலைக்கும் இடையே ஒரு வேறுபாடு உண்டு. கூத்தில் அன்பளிப்பை வாங்கிப் பெயர் அறிவிப்பவன் பெரும்பாலும் கட்டியங்காரன். அவன் கதைக்கு உள்ளேயும் நிற்பான், வெளியேயும் நிற்பான். அவன் பெயர் கூவுகின்ற நேரத்திலும் அரிச்சந்திரன் அரிச்சந்திரனாகவே மேடையில் இருப்பான். மயானக் காவலை விட்டுவிட்டு வந்து ஐந்து வெள்ளிக்குக் கும்பிடு போடமாட்டான். நம் முன்னோர் பணத்தின் வருகைக்கென்று ஒரு தனி வாயிலை அமைத்துக் கலையைக் காத்தனர் என்றே கூறலாம். நேரலையில் அவ்வாயில் இல்லை. ராஜபார்ட்டும் அவரே, கட்டியங்காரனும் அவரே. சரணத்தின் நடுவில், குரல் மேலேறிச் சென்று நிற்க வேண்டிய இடத்தில், ஒரு ரோஜா விழுகின்றது. பாடுபவர் பாட்டை அறுத்துப் பெயரைப் படிக்கின்றார். மீண்டும் எடுக்கும்போது தாளம் தப்புகின்றது. கேட்பவரும் அதைப் பொருட்படுத்துவதில்லை. அவர் தம் பெயர் எப்போது வரும் என்று காத்திருக்கின்றார். இவ்வாறு பல மாதம் பழகிய குரல், அறுபடுவதற்கு ஏற்ற துண்டுகளாகவே பாடக் கற்றுக்கொள்ளும். நின்று விரிக்க வேண்டிய விருத்தத்திற்கு அங்கே இடம் எங்கே?

‘பேட்டில்’ எனப்படும் போட்டியைப் பார்க்கும்போது சீர்கேடு முற்றுகின்றது. இரு நேரலைகள் இணைக்கப்பட்டு, திரை இரண்டாகப் பிளந்து, ஐந்து நிமிடம் கடிகாரம் ஓடும். எவர் பக்கம் நாணயம் மிகுதியோ அவர் வென்றார். தோற்றவர் தோப்புக்கரணம் போடுவது, முகத்தில் மை பூசிக்கொள்வது போன்ற தண்டனைகளை ஏற்பதும் வழக்கமாகிவிட்டது. அந்த ஐந்து நிமிடத்தில் பாட்டு நடப்பது அரிது. போடுங்கள், போடுங்கள் என்ற கூவலே நடக்கின்றது. இதற்கு நேர் எதிரான ஓர் இலக்கிய வகை தமிழில் உண்டு. பரிசில் பெற்றுத் திரும்பும் கலைஞன், எதிரே பசியோடு வரும் இன்னொரு கலைஞனை நிறுத்தி, இன்ன வழியாகச் செல், இன்ன வள்ளலைக் காண், நான் பெற்றதை நீயும் பெறுவாய் என்று ஆற்றுப்படுத்துவது அது. தொல்காப்பியம் அதற்கு இலக்கணம் வகுத்தது. பத்துப்பாட்டில் சரிபாதி ஆற்றுப்படை நூல்கள். பரிசிலைப் பற்றித் தமிழர் அமைத்த மிகப் பெரிய இலக்கியக் கட்டடமே சக கலைஞனுக்கு வழி காட்டும் நட்பின்மேல் எழுந்தது. பேட்டில், ஒருவர் பையைக் காட்டி இரு கலைஞரை மோதவிடுகின்றது.

மோதலுக்கு வசைமொழி நல்ல விறகு. 2024 ஜூலையில் கோலாலம்பூரில், டிக்டாக்கில் இழிமொழிக்கும் மிரட்டலுக்கும் ஆளான ஒரு தமிழ்ப் பெண் உயிர்நீத்தார். அதன்பின் தண்டனைச் சட்டம் திருத்தப்பட்டு, பகடிவதைக்கு எதிரான பிரிவுகள் 2025இல் நடைமுறைக்கு வந்தன. சட்டம் பேசிய வாயைத் தண்டிக்கும். உரக்கப் பேசுகின்ற வாய்க்குக் கூட்டத்தையும் நாணயத்தையும் கொண்டுவந்து சேர்க்கும் அமைப்பு அதன் கைக்கு எட்டாமல் இருக்கின்றது.

இந்தப் பரிசிலில் கலைஞனுக்கு எவ்வளவு சேருகின்றது என்பதையும் பார்க்கவேண்டும். பரிசு வைரமாக மாறி, வைரம் பணமாக மாறிக் கைக்கு வருகையில் கொடுத்ததில் பாதி வந்தால் அதுவே பெரிது. 2022 அக்டோபரில் பிபிசி செய்தியாளர்கள் ஒரு சோதனை செய்தனர். சிரியாவின் அகதி முகாம்களில் குடும்பங்கள் நேரலையில் அமர்ந்து பரிசு வேண்டுவதைக் கண்டு, தாங்களே ஒரு கணக்கைத் திறந்து 106 டாலர் மதிப்புள்ள பரிசுகளை அனுப்பினர். கணக்கில் எஞ்சியது 33 டாலர். தன் பங்கு 70 விழுக்காட்டிற்கும் குறைவு என்று டிக்டாக் விடையிறுத்தது. எவ்வளவு என்று சொல்லவில்லை. உருத்திரங்கண்ணனாரின் பொன்னில் அரண்மனை வாயில்காப்போன் பாதியை எடுத்துக்கொண்டான் என்று எந்தப் பரணியும் பாடவில்லை.

இத்துணைக் குறை கூறியபின் நேரலையை அடியோடு தள்ளுவதும் முறையன்று. பீடோங்கிலும் பாடாங் செராயிலும் உள்ள ஒரு நல்ல குரலுக்குச் சபா மேடை கிடைப்பது குதிரைக்கொம்பு. வானொலிக்கும் தொலைக்காட்சிக்கும் கோலாலம்பூர் செல்லவேண்டும். நேரலைக்கோ ஒரு கைப்பேசியும் வீட்டுக் கூடமும் போதும். 2020 ஜூன் 29ஆம் நாள் இந்தியா டிக்டாக்கைத் தடை செய்தமையால், அச்செயலியில் தமிழ் அரங்கு பெரிதும் மலேசியா, சிங்கப்பூர், இலங்கை, வளைகுடா நாடுகள் ஆகிய இடங்களில் உள்ள தமிழரால் நடப்பது. தமிழகத்தை எதிர்பாராமல் கடல் கடந்த தமிழர் தாமே பாடித் தாமே கேட்கும் அரங்கு அது. இழக்கத் தக்கதன்று. பெருந்தொகை கொடுப்பதைக் கண்டு பதறவும் வேண்டா. சமைத்த கீரைக்குச் சிறிது அரிசி கேட்டதற்கு யானையையே கொடுத்த நாஞ்சில் வள்ளுவனைப் பார்த்து, இப்படியும் அளவறியாத கொடை உண்டோ என்று ஔவையார் சிரித்திருக்கின்றார். ஆயினும் அந்தச் சிரிப்பு அன்பினால் எழுந்தது. அவனும் அவரை நன்கு அறிந்தே கொடுத்தான்.

திருத்தம் எங்கே தொடங்கலாம் என்பதற்குச் சீனாவில் ஒரு முன்மாதிரி உண்டு. 2022 மே மாதத்தில் அந்நாட்டு அரசுத் துறைகள் வெளியிட்ட விதிகள், பதினெட்டு வயது நிரம்பாதவர் பரிசு கொடுப்பதைத் தடுத்தன. பரிசுத் தொகையை வைத்துக் கலைஞரையோ கொடுப்போரையோ வரிசைப்படுத்தும் பட்டியல்களை ஒரு மாதத்திற்குள் நீக்கப் பணித்தன. கூட்டம் மிகும் இரவு நேரத்தில் போட்டிகளின் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்தி, தோற்றவருக்குத் தண்டனை வைப்பதையும் விலக்கின. அரசின் கைவலிமை வேறு, அதனை எல்லா நாட்டிலும் விரும்ப முடியாது. எனினும் நோய் எங்கே என்று அறிந்து வைத்த மருந்து அது. டிக்டாக்கும் 2022 நவம்பரில் நேரலை நடத்துவோர் பதினெட்டு வயது நிரம்பியவராக இருக்கவேண்டும் என்று எல்லையை உயர்த்தியது, பட்டியலைத் தொடவில்லை.

சட்டத்திற்குக் காத்திராமல் பாடுவோர் செய்யத்தக்கது ஒன்று உண்டு. நேரலை நடத்துபவர் தமக்குத் துணையாக மேற்பார்வையாளர் ஒருவரை அமர்த்திக்கொள்ளச் செயலியிலேயே இடமுள்ளது. இன்று அவருக்குக் கிடைக்கும் வேலை வசைமொழிகளை நீக்குவது மட்டுமே. அவர் ஒரு தாளை வைத்துக்கொண்டு, பாட்டு நடக்கையில் வருகின்ற பெயர்களைக் குறித்து வைக்கலாம். ரோஜா தந்தவரையும் சிங்கம் தந்தவரையும் வந்த முறைப்படியே எழுதலாம். பாட்டு முடிந்து தம்பூராவோ ‘கரோக்கி’யோ ஓய்ந்தபின், கூத்து மேடையில் கட்டியங்காரன் வந்ததுபோல் அவர் திரைக்கு வந்து எல்லாப் பெயர்களையும் படிக்கலாம். அதுவரையிலும் பாடுகின்றவர் பாடிக்கொண்டிருக்கலாம்.