அறியாத முகமும் அறிந்த குரலும்

பணமில்லாதவர்கள் எடுத்தது என்பதற்காக ஒரு படத்தை மெச்சுவது, ஏழை வீட்டுச் சாப்பாடு என்பதற்காகக் குழம்பில் உப்பில்லாததைப் பொறுத்துக்கொள்வது போன்றது. 1980-ஆம் ஆண்டு வெளிவந்த 'ஒருதலை ராக'த்துக்கு அந்தச் சலுகை தேவையில்லை.

இ. எம். இப்ராஹிம் தயாரித்த படம். இயக்குநர் என்ற பெயரும் அவருடையதே. கதையும் பாட்டும் பாடல்களின் இசையும் டி. ராஜேந்தருடையவை. மாயவரத்துப் பக்கத்துக் கல்லூரியும் ரயில் வண்டியுமே களம். சங்கர், ரூபா என்ற இருவரைத் தமிழ் ரசிகர்கள் அதற்குமுன் அறிந்ததில்லை. சிக்கனத்துக்காகப் புதுமுகங்களைப் போட்டார்கள் என்று சொல்லிவிடலாம். ஆனால் கதையே அதைத்தான் கேட்கிறது. காதலைச் சொல்ல நாவெழாமல் வாடும் ஒருவனாக நட்சத்திர நடிகர் வந்தால் யார் நம்புவார்கள்? அவர் வென்றுவிடுவார் என்பது டிக்கெட் வாங்கும்போதே நமக்குத் தெரியுமே!

தாம்பரத்துக்கும் கடற்கரைக்கும் இடையே 1931 முதல் மின்சார ரயில் ஓடுகிறது. அதில் ஏறிக் கல்லூரிக்குப் போனவர்களுக்கு இந்தக் கதை அந்நியமல்ல. மூன்று வருஷம் ஒரே வண்டியில் போய் வந்து, ஒரு வார்த்தை பேசாமல் பிரிந்தவர்கள் எத்தனையோ பேர். சங்கரின் முகம் அவர்களில் ஒருவருடைய முகம்.

முகம் புதிது, குரல்களோ பழகியவை. எஸ். பி. பாலசுப்ரமணியம், ஜெயச்சந்திரன், மலேசியா வாசுதேவன் ஆகியோரோடு டி. எம். சௌந்தரராஜனும் பாடியிருக்கிறார். கால் நூற்றாண்டாக எம்.ஜி.ஆருக்கும் சிவாஜிக்கும் உரியதாக இருந்த அந்தக் கம்பீரக் குரல், பேசத் தெரியாத ஒரு கல்லூரிப் பையனின் துயரத்துக்குத் துணை நிற்கிறது. படத்தின் உண்மையான செல்வம் இதுதான்.

ஆனால் ஒரு குறையைச் சொல்லாமல் விட முடியவில்லை. ஏழு பாட்டுகளில் ஒன்றுகூடப் பெண் குரலில் இல்லை. அவள் வாய் திறக்காததற்கு வீடும் ஊரும் காரணம் என்று கதை சொல்கிறது. சரி, அவளுக்கும் மனம் என்று ஒன்று உண்டே! அவன் மனத்துக்கு ஏழு பாட்டு. அவள் மனத்துக்கு மௌனம் மட்டுந்தானா? கடைசியில் அவள் சொல்ல வரும்போது கேட்க அவன் உயிரோடு இல்லை. நாம் அவனுக்காக அழுகிறோம். சொல்ல வந்த வார்த்தையோடு அவள் வீடு திரும்ப வேண்டுமே, அவளுக்காக யார் அழுவது?

புதுமுகங்களைப் போட்டால் வெற்றி என்று நினைப்பவர்கள் இந்தப் படத்தை மீண்டும் ஒருமுறை பார்க்கட்டும். புதுமுகங்கள் கிடைப்பார்கள், அவர்களைத்தான் வேண்டும் என்று கேட்கிற கதையல்லவா முதலில் கிடைக்க வேண்டும்?