வரைபடத்தின் ஒழுங்கை அளக்கும் கருவி

பாதி காடு, பாதி வயல் என இரண்டு வரைபடங்கள். ஒன்றில் காடு ஒரே திரளாக நிற்கிறது. மற்றதில் துண்டு துண்டாகச் சிதறிக் கிடக்கிறது. பரப்பளவைக் கூட்டினால் இரண்டும் ஒன்றுதான். காட்டுக்குள் வாழும் விலங்குக்கு அப்படியில்லை. அந்த வேறுபாட்டை எண்ணாக்கித் தருகிறது ஆர் (R) நிரல்மொழியில் இயங்கும் ‘லேண்ட்ஸ்கேப்மெட்ரிக்ஸ்’ என்ற இலவசத் தொகுப்பு.

இதற்கான குறியீட்டெண்கள் 1995-இல் வந்த ஃபிராக்ஸ்டாட்ஸ் மென்பொருளின் காலத்திலேயே ஏராளம். பல, ஒன்றையே வேறு பெயரில் சொல்பவை. 2019-இல் நோவோசாட், ஸ்டெபின்ஸ்கி இருவரும் ஷானனின் தகவல் கோட்பாட்டிலிருந்து நாலைந்து அளவுகளை மட்டும் எடுத்து முன்வைத்தார்கள். அவை இந்தத் தொகுப்பில் உண்டு. எனக்குப் பிடித்தது பரஸ்பரத் தகவல்: வரைபடத்தின் ஒரு கட்டம் காடா வயலா என்று தெரிந்தால், பக்கத்துக் கட்டத்தை எவ்வளவு தூரம் ஊகிக்க முடியும் என்பதை அது பிட் கணக்கில் சொல்கிறது.

எட்டுக்கு எட்டுக் கட்டங்களில் சோதித்தேன். இடது பாதி காடு, வலது பாதி வயல்: 0.63 பிட். அடுத்து சதுரங்கப் பலகை போல மாற்றி மாற்றி வைத்தேன். சரிந்துவிடும் என்று நினைத்தால், முழுசாக 1 வந்தது! யோசித்தால் நியாயம்தான். பலகையில் கறுப்புக்குப் பக்கத்தில் எப்போதும் வெள்ளை. ஊகம் தப்பவே தப்பாது. இந்த அளவு காட்டுவது ஒழுங்கை, திரட்சியை அல்ல.

முன்னிருப்பாக மேல், கீழ், இடம், வலம் என நான்கு அண்டைக் கட்டங்களையே தொகுப்பு பார்க்கிறது. மூலைகளையும் சேர்த்து எட்டாக்கினேன். பாதிப் பாதி படம் 0.52-க்கு இறங்கியது, சதுரங்கம் 0.003-க்கு விழுந்தது. ஒரே படம்தான், ஒரு அமைப்பைத்தான் மாற்றினேன். ஆய்வறிக்கையில் அண்டைக் கட்டங்கள் நான்கா எட்டா என்று எழுதாமல் எண்ணை மட்டும் தருவது பெரிய தவறு என்பேன்.

சதுரங்க நிலம் கற்பனையல்ல. அமெரிக்காவின் மேற்கில், 19-ஆம் நூற்றாண்டில் ரயில் நிறுவனங்களுக்கு ஒரு மைல் சதுரங்கள் ஒன்றுவிட்டு ஒன்றாக வழங்கப்பட்டன. சில காடுகளில் அந்தக் கோலம் இன்றும் வானிலிருந்து தெரியும். அதே மாதிரி ஒன்றை 30 மீட்டர் கட்டங்களில் வரைந்து பார்த்தேன். ஒரு சதுரத்தின் பக்கத்துக்கு ஐம்பதுக்கு மேல் கட்டங்கள் வருவதால், நான்கு, எட்டு இரண்டிலும் 0.8-க்குக் குறையவில்லை. கட்டத்தையே ஒரு மைலாக்கினால் பழைய குழப்பம் திரும்பி வருகிறது. அதனால் கட்டத்தின் அளவை முதலில் முடிவு செய்துவிட்டே இப்போது கணக்கை ஓட்டுகிறேன். பக்கத்தில் வரைபடமும் திறந்தே இருக்கும்.