ரீகனின் சாட்சியம்

எழுபதுகளின் லண்டனை ஆராயப் புகுபவர் எவரும் வெகு சீக்கிரம் 'தி ஸ்வீனி' தொடரிடம் வந்து நிற்பார். 1974-இல் 'ரீகன்' என்ற தொலைப்படமாகத் தொடங்கி, 1975 ஜனவரி முதல் 1978 டிசம்பர் வரை 53 பகுதிகளாக ஓடிய போலீஸ் தொடர். அந்தக் காலத்தையே கண்ணால் பார்ப்பதுபோல் இருக்கும். அப்படி இருப்பதால்தான் அதைக் கூண்டில் ஏற்றிக் குறுக்கு விசாரணை செய்யவேண்டும் என்கிறேன். எந்த விஷயத்தில் இந்தச் சாட்சியை நம்பலாம், எதில் நம்பக் கூடாது?

தெருவைப் பற்றிச் சொல்வதைப் பெரும்பாலும் நம்பலாம். பெயரே தெருவிலிருந்து வந்தது. ஆயுதக் கொள்ளையரைத் துரத்தும் பறக்கும் படைக்கு, அதாவது 'ஃப்ளையிங் ஸ்குவாட்'டுக்கு, லண்டன்வாசிகள் எதுகை பிடித்து வைத்த கொச்சைப் பெயர் 'ஸ்வீனி டாட்'. அதன் சுருக்கமே தலைப்பு. அதுவரை பிரிட்டிஷ் தொலைக்காட்சி நாடகம் பெரும்பாலும் ஸ்டூடியோ அட்டைச் சுவர்களுக்குள் வீடியோவில் நடந்தது. இந்தத் தொடரைத் தயாரித்த யூஸ்டன் ஃபிலிம்ஸ் நிறுவனம் 16 மி.மீ. கேமராவைத் தூக்கிக்கொண்டு வெளியே இறங்கியது. ஒரு பகுதிக்குக் கிடைத்தது ஏறக்குறைய பத்து நாள். ஹாமர்ஸ்மித்தில் ஒரு பழைய பள்ளிக் கட்டடம் அவர்களுக்குத் தளம். நேரம் போதாததால் அக்கம்பக்கத்திலேயே படமெடுத்தார்கள். இடிபாடுகள், மூடிய கிடங்குகள், புகை படிந்த மதுக்கடைகள் எல்லாம் அப்படியே பதிந்துவிட்டன. இங்கேயும் ஒரு எச்சரிக்கை வேண்டும். கார் துரத்தலுக்கு வெற்றிடம் தேவை; ஆகவே வெற்றிடமாகப் பார்த்துத்தான் இடம் தேர்ந்தார்கள். லண்டன் முழுக்கவே பொட்டல் என்று இதை வைத்து முடிவுகட்டினால் அது கேமராவின் தேவையை ஊரின் நிலையாக எடுத்துக்கொண்ட தவறு.

நாயகன் ரீகனாக நடித்த ஜான் தாவின் முகத்தையும் சாட்சியமாகவே கொள்கிறேன். 'ரீகன்' வெளிவந்தபோது அவருக்கு வயது 32தான். திரையில் பத்து வயது கூடுதலாகத் தெரிகிறார். ரீகன் விவாகரத்தானவர், குடிப்பவர், சரியாக உறங்காதவர். உதவியாளர் கார்ட்டராக டென்னிஸ் வாட்டர்மன் உடன் நிற்கும்போது, அந்த நட்பில் ஒரு துளி நடிப்பும் தெரிவதில்லை. 1955-இலிருந்து சனிக்கிழமைகளில் அன்பான ஊர்க்காவலரைக் காட்டிவந்த 'டிக்ஸன் ஆஃப் டாக் கிரீன்' 1976 வரை ஓடியது என்பதை நினைவில் வைத்தால், ரீகன் எவ்வளவு பெரிய உடைப்பு என்று புரியும்.

ஆனால் காவல் நிலையத்துக்கு உள்ளே போனதும் சாட்சி தடுமாறுகிறது.

ரீகன் கதவை உடைப்பார், சந்தேக நபரை அடிப்பார், மேலதிகாரி ஹாஸ்கின்ஸ் நீட்டும் காகிதங்களைத் தள்ளிவிடுவார். ஆனால் லஞ்சம் மட்டும் தொடமாட்டார். தொடரின் அறம் முழுவதும் இந்த ஒரு தூணின்மேல் நிற்கிறது: விதியை மீறுகிறவன் வேறு, விலைபோகிறவன் வேறு. நிஜ வரலாறு இந்தப் பிரிவினையை ஏற்கவில்லை. அதே பறக்கும் படையின் தலைவராக இருந்த கென்னத் ட்ரூரி, ஆபாசப் புத்தக வியாபாரி ஒருவரின் செலவில் சைப்ரஸுக்கு விடுமுறை போனது 1972-இல் அம்பலமாயிற்று. 1977-இல் அவருக்கு எட்டாண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. தொடர் அப்போது இன்னும் முடிந்திருக்கவில்லை. லண்டன் போலீஸ் ஆணையர் ராபர்ட் மார்க்கின் ஐந்தாண்டுக் காலத்தில் நானூறுக்கும் மேற்பட்டோர் போலீஸ் வேலையைவிட்டுப் போனார்கள். யாரும் கேள்வி கேட்காத அறை இருந்ததால்தான் அடியும் நடந்தது, பேரமும் நடந்தது. இரண்டும் ஒரே வேரில் முளைத்தவை.

என் முக்கியக் குற்றச்சாட்டு இதுதான். துப்பறிவாளர்களைக் கண்காணிப்புக்குள் கொண்டுவர மார்க் போராடிய காலத்தில், கண்காணிப்பையே கையாலாகாதவர்களின் தொல்லையாகத் தொடர் காட்டியது. ஹாஸ்கின்ஸின் காகிதத்தைப் பார்த்து நாம் எரிச்சலடைகிறோம். அந்தக் காகிதம்தான் மருந்து. அன்று விசாரணை அறையில் ஒலிப்பதிவு கிடையாது. 'அவன் ஒப்புக்கொண்டான்' என்று போலீஸ் எழுதியதே வாக்குமூலம். சந்தேக நபரின் உரிமைகளை முறையாக எழுதிவைத்த சட்டம் 1984-இல்தான் வந்தது.

அந்தக் காலத்தில் வேறெப்படியும் எழுதியிருக்க முடியாது என்ற வாதம் செல்லாது. ஜி. எஃப். நியூமன் எழுதிய 'லா அண்ட் ஆர்டர்' 1978-இல் பி.பி.சி.யில் வந்தது. நான்கே பகுதிகள், துரத்தல் இல்லை, வேகமான இசை இல்லை. செய்யாத கொள்ளைக்காக ஒருவனைச் சாட்சி ஜோடித்து உள்ளே தள்ளும் துப்பறிவாளன், தன் வேலையைச் செய்யும் நிதானத்தோடு அதைச் செய்கிறான். கலையாக 'ஸ்வீனி'யின் துடிப்பு அதற்கு இல்லை. ஆவணமாக அதற்கு முன்னால் 'ஸ்வீனி' நிற்காது.

ஆகவே என் தீர்ப்பு: தெருவுக்கும் பேச்சுக்கும் களைத்த மனிதர்களுக்கும் 'ஸ்வீனி' முதல்தரச் சாட்சி, போலீஸ் அதிகாரத்துக்கு அது பிரதிவாதியின் வழக்கறிஞர். ஆராய்ச்சியாளர் அதை ட்ரூரி வழக்கின் பதிவுகளோடு சேர்த்தே படிக்கவேண்டும்.

தொடருக்கும் கடைசியில் இது உறைத்திருக்க வேண்டும். 1978 டிசம்பர் 28-இல் வந்த இறுதிப் பகுதியில் லஞ்சக் குற்றச்சாட்டு ரீகன் மேலேயே விழுகிறது. குற்றமற்றவர் என்று தெளிந்த பிறகு திரும்பி வரச் சொல்கிறார்கள். அவர் மறுத்துவிடுகிறார். 53 பகுதிகளில் முதலில் எதைப் பார்ப்பது என்று கேட்பவர்களிடம் இந்தப் பகுதியைத்தான் சொல்கிறேன்.