கெர்பல் ஸ்பேஸ் புரோகிராம்: ஒரு திறனாய்வு

கெர்பல் ஸ்பேஸ் புரோகிராம் என்பது விண்கலத்தைத் தானே வடிவமைத்து, ஏவி, சுற்றுப்பாதையில் செலுத்திப் பழகும் கணினி விளையாட்டு ஆகும். மெக்சிகோ நகரில் இயங்கிய ஸ்க்வாட் என்னும் விளம்பர நிறுவனத்தில் பணியாற்றிய ஃபெலிப்பே ஃபலாங்கே இதை உருவாக்கத் தொடங்கினார். பெரிய விளையாட்டு நிறுவனம் எதன் துணையும் இன்றி இது வளர்ந்தது. முதல் பொதுப் பதிப்பான 0.7.3, 2011 ஜூன் 24 அன்று வெளிவந்தது. முழுமை பெற்றதாக அறிவிக்கப்பட்ட 1.0 பதிப்பு 2015 ஏப்ரல் 27 அன்று வெளியானது. இடைப்பட்ட நான்கு ஆண்டுகளில் விளையாடுவோர் கூறிய குறைகளும் அவர்களே செய்த திருத்தங்களும் இதன் வடிவத்தைப் பெரிதும் மாற்றின. இதை இயற்பியல் பாடத்துக்குத் துணையாகக் கொள்ளலாமா, கொண்டால் எந்த அளவுக்கு நம்பலாம் என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

உயரமும் வேகமும்

இவ்விளையாட்டைப் புதிதாகத் தொடங்குவோர் பெரும்பாலும் ஒரே தவற்றைச் செய்கின்றனர். ராக்கெட்டைச் செங்குத்தாக மேலே செலுத்துகின்றனர். அது வளிமண்டலத்தைத் தாண்டிச் செல்கிறது. எரிபொருள் தீர்ந்ததும் வந்த வழியே திரும்பி விழுகிறது. விண்வெளிக்குச் செல்வது என்றால் உயரே போவது என்ற எண்ணமே இதற்குக் காரணம்.

நீலகிரி மாணவருக்கு உயரம் அன்றாட அனுபவம். தமிழ்நாட்டின் மிக உயர்ந்த சிகரமான தொட்டபெட்டாவின் உயரம் 2,637 மீட்டர். அங்கிருந்து ஒரு கல்லைக் கிடைமட்டமாக வீசினால் அது பள்ளத்தாக்கில் விழும். காற்றின் தடை இல்லை என்று வைத்துக்கொண்டு, அதே கல்லை நொடிக்கு சுமார் 7.9 கிலோமீட்டர் வேகத்தில் வீசினால் நிலைமை வேறு. ஒரு நொடியில் கல் 4.9 மீட்டர் கீழே விழுகிறது. அதே 7.9 கிலோமீட்டர் தொலைவில் புவியின் வளைந்த பரப்பும் ஏறத்தாழ 4.9 மீட்டர் தாழ்ந்துவிடுகிறது. கல் விழுந்துகொண்டே இருக்கும். ஆனால் தரையைத் தொடாது. உயர்ந்த மலை மேல் பீரங்கி ஒன்றை வைத்து நியூட்டன் விளக்கிய கருத்து இதுவே. ஊட்டியிலிருந்து குன்னூர் வரையிலான சுமார் 18 கிலோமீட்டர் சாலைத் தொலைவை இரண்டரை நொடிக்குள் கடக்கும் வேகம் அது.

பாடநூலில் ஒரு படமாக நின்றுவிடும் இக்கருத்தை இவ்விளையாட்டு அனுபவமாக மாற்றுகிறது. நான்கைந்து முறை ராக்கெட் விழுந்த பிறகு, அதைக் கிழக்கே சாய்க்க வேண்டும் என்று மாணவர் தாமே கண்டுகொள்கிறார். இதன் மிகப்பெரிய பலம் இதுதான்.

தொடக்ககால விளையாடுவோரின் பங்கு

முதல் பதிப்பில் நிலவு இல்லை. பாதையைக் காட்டும் வரைபடமும் இல்லை. உயரத்தையும் வேகத்தையும் குறித்துக்கொண்டு, சுற்றுப்பாதையை அடைந்தோமா என்பதை விளையாடுவோர் தாமே கணக்கிட்டுத் தெரிந்துகொண்டனர். பின்வந்த பதிப்புகளில் வரைபடக் காட்சியும் நிலவும் சேர்க்கப்பட்டன. பிற கோள்கள் 2012 செப்டம்பரிலும், விண்கலங்களை இணைக்கும் வசதியும் பாதை மாற்றத்தை முன்கூட்டியே திட்டமிடும் வசதியும் 2012 டிசம்பரிலும் வந்தன. ரசிகர் ஒருவர் உருவாக்கிய விண்விமானப் பாகங்கள் விளையாட்டிலேயே சேர்க்கப்பட்டன. அவரும் உருவாக்கக் குழுவில் இடம்பெற்றார்.

குறைகளும் வெளிப்படையாகப் பேசப்பட்டன. அவற்றுள் மூன்று குறிப்பிடத்தக்கவை.

முதலாவது, விண்கலம் நெடுந்தொலைவு சென்றதும் காரணமின்றி நடுங்கிச் சிதறியது. விளையாடுவோர் இதற்குக் கிராக்கன் என்ற கடல் பூதத்தின் பெயரைச் சூட்டினர். காரணம் பூதமன்று. எண்கள் பெரிதாகும்போது கணினி சிறிய பின்னங்களைத் துல்லியமாக வைத்துக்கொள்ள இயலாமையே காரணம். விண்கலத்தையே கணக்கின் தொடக்கப் புள்ளியாக மாற்றியதன் மூலம் இக்குறை பெருமளவு குறைக்கப்பட்டது.

இரண்டாவது, காற்றின் தடை. 1.0 பதிப்புக்கு முன்பு தடையானது பாகங்களின் வடிவத்தைவிட அவற்றின் நிறையையே சார்ந்திருந்தது. எனவே ராக்கெட்டின் உச்சியில் கூம்பு பொருத்தினால் தடை குறைவதற்குப் பதிலாகக் கூடியது. இது அப்பட்டமான இயற்பியல் பிழை. இதைத் திருத்தும் மோட் ஒன்றை விளையாடுவோரே எழுதினர். 1.0 பதிப்பில் புதிய காற்றியக்க முறை வந்தது. ஆனால் வெளியான சில நாட்களிலேயே அது மீண்டும் மாற்றப்பட்டதால் குழப்பம் எழுந்தது. தாழ்ந்த சுற்றுப்பாதையை அடையத் தேவையான மொத்தத் திசைவேக மாற்றம் முன்பு நொடிக்கு சுமார் 4,500 மீட்டராக இருந்தது. பின்னர் சுமார் 3,400 மீட்டராகக் குறைந்தது. பழைய கணக்குகளும் வழிகாட்டிகளும் பயனற்றுப் போயின.

மூன்றாவது, நம்பிக்கை தொடர்பானது. முன்கூட்டியே பணம் செலுத்தியோருக்கு எதிர்கால விரிவாக்கங்கள் இலவசமாகக் கிடைக்குமா என்ற சர்ச்சை 2013 ஏப்ரலில் எழுந்தது. எதிர்ப்புக்குப் பின், அம்மாத இறுதிக்குள் வாங்கியோருக்கு இலவசமாகவே வழங்கப்படும் என நிறுவனம் அறிவித்தது. 2018-இல் விரிவாக்கம் வந்தபோது அதைக் காப்பாற்றவும் செய்தது.

மறைக்கப்பட்ட எண்

இவ்விளையாட்டின் மீதான முக்கியமான கல்விசார் குறை வேறொன்று. திசைவேக மாற்றத்தின் அளவு 2018 டிசம்பரில் வந்த 1.6 பதிப்பு வரை ராக்கெட் வடிவமைக்கும் திரையில் காட்டப்படவில்லை. ராக்கெட் போதுமா போதாதா என்பதை ஏவிப் பார்த்தே அறிய வேண்டியிருந்தது. வெடித்துச் சிதறுவது வேடிக்கை என்று சிலர் அதை ரசித்தனர். மற்றவர்கள் சியால்கோவ்ஸ்கியின் சமன்பாட்டைக் கற்றுத் தாமே கணக்கிட்டனர். அதற்கான மோட்களையும் எழுதினர்.

அச்சமன்பாடு மேல்நிலை மாணவருக்கு எட்டக்கூடியதே. வாயு வெளியேறும் வேகத்தை, தொடக்க நிறைக்கும் இறுதி நிறைக்கும் உள்ள விகிதத்தின் இயல் மடக்கையால் பெருக்கினால் திசைவேக மாற்றம் கிடைக்கும். வாயு நொடிக்கு 3,000 மீட்டர் வேகத்தில் வெளியேறுகிறது என்க. 10 டன் ராக்கெட் எரிபொருள் தீர்ந்தபின் 5 டன் ஆனால், கிடைப்பது நொடிக்கு சுமார் 2,080 மீட்டர் மட்டுமே. 3,400 மீட்டரை எட்ட அது சுமார் 3.2 டன்னாகக் குறைய வேண்டும். நமது புவியில் தேவைப்படுவது ஏறத்தாழ 9,400 மீட்டர். அதற்கு வெறும் 0.44 டன்னே மிஞ்ச வேண்டும். இது நடைமுறைக்கு மிகக் கடினம் என்பதாலேயே உண்மை ராக்கெட்டுகள் பல அடுக்குகளாகக் கட்டப்படுகின்றன. விளையாட்டில் எளிதாக முடிவது உண்மையில் ஏன் அரிது என்பதை இக்கணக்கு காட்டிவிடும்.

முத்தொரை காட்டும் குறை

விளையாட்டின் கோளான கெர்பினின் ஆரம் 600 கிலோமீட்டர். புவியின் ஆரமோ 6,371 கிலோமீட்டர். ஆயினும் இரண்டின் தரை ஈர்ப்பும் ஒன்றே. அப்படியானால் கெர்பினின் அடர்த்தி புவியைப்போல் பத்து மடங்குக்கும் மேல் இருக்க வேண்டும். விளையாடுவோரின் நேரத்தைக் கருதிச் செய்த இச்சுருக்கத்தை ஏற்கலாம்.

ஆனால் கெர்பினின் அச்சில் சாய்வே இல்லை. ஏவுதளம் நிலநடுக்கோட்டை ஒட்டியே உள்ளது. முதல் நிலவும் அதே தளத்தில் சுற்றுகிறது. ஆகவே பருவகாலம், அகலாங்கு, சுற்றுப்பாதைச் சாய்வு ஆகியவை தொடக்கப் பாடத்திலேயே விடுபடுகின்றன. இவை எவ்வளவு முக்கியமானவை என்பதை ஊட்டிக்கு அருகிலுள்ள முத்தொரை உணர்த்துகிறது. 1970 முதல் இயங்கும் அங்குள்ள ரேடியோ தொலைநோக்கி 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் கொண்டது. வடக்கு தெற்காகச் சுமார் 11 பாகை சரிந்த மலைச்சரிவில் அது அமைந்துள்ளது. அவ்விடத்தின் அகலாங்கும் ஏறத்தாழ அதே அளவு. எனவே அதன் நீள அச்சு புவியின் சுழல் அச்சுக்கு இணையாக உள்ளது. அந்த ஓர் அச்சில் திருப்பினாலே வான்பொருளைப் பல மணி நேரம் பின்தொடர முடிகிறது. ஸ்ரீஹரிகோட்டாவின் அகலாங்கு சுமார் 13.7 பாகை; அங்கிருந்து நேர் கிழக்கே ஏவினாலும் சுற்றுப்பாதை அந்த அளவுக்குச் சாய்ந்தே அமையும். கெர்பினில் மட்டும் பழகியவருக்கு இது புதிராகவே இருக்கும்.

இன்னொரு குறை, விண்கலத்தின் மீது ஒரு நேரத்தில் ஒரே பொருளின் ஈர்ப்பு மட்டும் கணக்கிடப்படுவது. சூரியன், புவி ஆகிய இரண்டின் ஈர்ப்பையும் சார்ந்த முதல் லாக்ராஞ்சுப் புள்ளி இங்கு உருவாகாது. 2024 ஜனவரி 6 அன்று ஆதித்யா எல்-1 சென்றடைந்த பாதையை இதில் அப்படியே செய்துகாட்ட இயலாது. பல பொருள்களின் ஈர்ப்பைச் சேர்க்கும் பிரின்சிப்பியா என்ற மோட் உள்ளது. மார்ட்டின் ஷ்வைகர் 2000-இல் வெளியிட்ட ஆர்பிட்டர் என்ற இலவச மென்பொருளில் உண்மையான சூரியக் குடும்பமும் பல பொருள்களின் ஈர்ப்பும் உள்ளன. ஆனால் அது தொடக்கநிலை மாணவருக்குக் கடினமானது. ராக்கெட்டைப் பாகம் பாகமாகக் கட்டும் இன்பமும் அதில் இல்லை.

மதிப்பீடு

2017-இல் ஸ்பானியம், ரஷ்யம், ஜப்பானியம், சீனம் ஆகிய மொழிகள் இவ்விளையாட்டில் சேர்க்கப்பட்டன. தமிழ் இல்லை. தமிழ்வழி மாணவர் அண்மைநிலை, சேய்மைநிலை, உந்துவிசை, சாய்வு போன்ற பாடநூல் சொற்களைத் திரையில் காணும் சொற்களோடு பொருத்திக்கொள்ள ஒரு சொற்பட்டியல் அவசியம். ஆசிரியர் அதை ஒரு பக்கத்தில் தயாரித்துவிடலாம். சந்திரயான்-3 புவியண்மையில் எஞ்சினை இயக்கிப் படிப்படியாகப் பாதையை நீட்டிய முறையைச் செய்துபார்ப்பது நல்ல முதல் பயிற்சியாகும்.

இதன் இரண்டாம் பாகம் 2023 பிப்ரவரியில் முழுமையடையாத நிலையில் வெளிவந்து, மந்தமான இயக்கத்துக்காகவும் விடுபட்ட வசதிகளுக்காகவும் கடும் கண்டனம் பெற்றது. அதை உருவாக்கிய குழு 2024-இல் கலைக்கப்பட்டது. முதல் பாகமும் முழுமையற்றே வந்தது. ஆனால் அது குறைந்த விலையில், சிறிதாகத் தொடங்கி, சொல்லப்பட்ட குறைகளை ஒவ்வொன்றாகத் திருத்திக்கொண்டே வளர்ந்தது.

சுற்றுப்பாதையின் அடிப்படையைக் கற்க இவ்விளையாட்டு சிறந்த துணை. உண்மையான புவியின் அளவு, சாய்வு, பல பொருள்களின் ஈர்ப்பு ஆகியவற்றுக்கு இதை மட்டும் நம்புதல் கூடாது. ஏவுவதற்கு முன் தாளில் கணக்கிடுதல், ஏவியபின் வேறுபாட்டுக்குக் காரணம் தேடுதல் ஆகிய இரண்டும் சேர்ந்தால்தான் இது பாடமாகும். தொடக்ககால விளையாடுவோர் செய்ததும் அதையே.