வேதசாட்சியத்தின் உரைகல்

கிறிஸ்துவின் பொருட்டு உயிர் துறந்தோரை ‘வேதசாட்சி’ என்று நம் முன்னோர் அழைத்த பெயரில் ஆழ்ந்த நுட்பம் பொதிந்துள்ளது. அதன் மூலமாகிய கிரேக்கச் சொல்லுக்கு, நீதிஸ்தலத்தில் தாம் அறிந்ததைக் கூறும் சாட்சி என்பதே ஆதிப்பொருள். மரணம் என்னும் பொருள் பின்னரே அதனோடு சேர்ந்தது. ஆகவே ஒருவர் எவ்வளவு துன்புற்றார் என்பதைக் காட்டிலும், எதன் பொருட்டு, எத்தகைய உள்ளத்தோடு துன்புற்றார் என்பதையே திருச்சபை தொன்றுதொட்டு ஆராய்ந்து வந்திருக்கிறது.

துன்பத்தைத் தேடிச் செல்லலாமா என்பது முதல் வினா. இரண்டாம் நூற்றாண்டில் ஸ்மிர்னா நகரில், தானே வலிய முன்வந்து பிறரையும் தூண்டிய குவிந்து என்பவன், கொடுவிலங்குகளைக் கண்டதும் கலங்கித் தெய்வச்சிலைக்குப் பலியிட்டான்; நண்பர் சொற்கேட்டு ஊர்ப்புறத்தில் ஒதுங்கியிருந்த முதியவராகிய ஆயர் பொலிக்கார்ப்போ, பிடிக்க வந்தவர்களுக்கு உணவளிக்கச் செய்து, ஜெபிக்கச் சிறிது அவகாசம் வேண்டிப் பெற்று, பின் அமைதியாக உடன் சென்றார். இவ்விருவர் கதையையும் ஒருங்கே எழுதிவைத்த அந்நகரத்துச் சபையார், வலியச் சென்று சிக்குவதைத் தாம் பாராட்டுவதில்லை என்று தீர்ப்பும் கூறினர்.

ஓடி ஒளியலாமா என்பதில் ஆசிரியர்கள் மாறுபட்டனர். ஓடுதல் தகாது என்றார் தெர்த்துல்லியன். வலியச் சென்று அகப்படுகிறவன் கொலைஞனின் பாவத்தில் தானும் பங்காளியாகிறான் என்றார் அலெக்ஸாந்திரியா நகரத்துக் கிளமெந்து. கார்த்தேஜ் ஆயர் சிப்ரியான் இவ்வினாவுக்குத் தம் வாழ்க்கையாலேயே விடையளித்தார். 250-இல் தெய்வங்களுக்குப் பலியிடும்படி தேசியு சக்கரவர்த்தியின் ஆணை பிறந்தபோது மறைந்திருந்து கடிதங்களால் சபையைக் காத்த அவர், 258-இல் தம் முறை வந்தபோது விலகாமல் நின்று, தம்மை வெட்ட வந்த கொலையாளிக்கு இருபத்தைந்து பொற்காசுகள் கொடுக்கச் சொல்லிவிட்டு வாளுக்குக் கழுத்தை நீட்டினார்.

வீழ்ந்தவர்களின் நிலை இதனினும் கடினமான வினாவாயிற்று. தேசியுவின் ஆணைக்கு அஞ்சிப் பலியிட்டோரும், பலியிடாமலே பலியிட்டதாகச் சான்றுச் சீட்டு வாங்கியோரும், கலகம் தணிந்தபின் அழுதுகொண்டு திரும்பினர். அவர்களை மீண்டும் சேர்த்தலாகாது என்று ரோமாபுரிக் குருவாகிய நொவாசியன் பிடிவாதமாய் நின்றார். குற்றத்தின் தரத்தை ஆய்ந்து, தவ ஒழுக்கத்திற்குப் பின் மன்னிக்கலாம் என்று 251-இல் கார்த்தேஜில் கூடிய ஆயர்கள் முடிவு செய்தனர். உறுதியாய் நின்றவரைப் போற்றுவதற்கும் தடுமாறியவரைத் தூக்கிவிடுவதற்கும் ஒரே சபையில் இடம் உண்டு என்பதே அம்முடிவின் மேன்மை.

தண்டனையன்று, அதன் காரணமே ஒருவரை வேதசாட்சியாக்கும் என்று பின்னாளில் அகுஸ்தீனார் வகுத்த பிரமாணம் இன்றளவும் நிலைபெற்றிருக்கிறது. எனினும் நாம் மறைக்கலாகாத உண்மை ஒன்றுண்டு: கிறிஸ்தவர்களே கிறிஸ்தவர்களைத் துன்புறுத்திய காலமும் இருந்தது. வளர்ந்தபின் ஞானஸ்நானம் பெறும் கொள்கையைத் தழுவியதற்காகச் சிறைப்பட்ட ஹாலந்து நாட்டு திர்க் வில்லெம்ஸ், தப்பியோடுகையில், துரத்தி வந்தவன் பனிக்கட்டி உடைந்து நீரில் விழக் கண்டு, திரும்பி வந்து அவனைக் கரையேற்றினார். மீண்டும் பிடிபட்டு, 1569-இல் எரித்துக் கொல்லப்பட்டார். பகைவனின் உயிரைத் தம் உயிரினும் பெரிதாய்க் கருதிய அச்செயலைக் காட்டிலும் தூய சாட்சியம் எது?

நம் நாட்டிலும் இந்த உரைகல்லுக்கு மாற்றுக் குறையாத பொன் கிடைத்தது. திருவிதாங்கூர் அரண்மனை அலுவலரான நீலகண்ட பிள்ளை, 1745-இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் என்னும் பெயர் பூண்டு, சாதி வேற்றுமை பாராது எல்லோருடனும் பழகி, சிறையும் சித்திரவதையும் பொறுத்து, 1752-இல் ஆரல்வாய்மொழியை அடுத்த காற்றாடிமலையில் சுடப்பட்டு இறந்தார். 2022 மே 15-ஆம் நாள் அவர் புனிதராக அறிவிக்கப்பட்டார்.

இவர்களுடைய திருநாளைக் கொண்டாடும் நாம், துன்பத்தைத் தேடாமலும், அது வந்துற்றபோது சத்தியத்தை மறுக்காமலும், துன்புறுத்துவோரைப் பகையாமலும், தளர்ந்து வீழ்ந்தோரை இகழாமலும், பிறர் மனச்சாட்சியை நாம் ஒருபோதும் வருத்தாமலும் வாழக் கடமைப்பட்டுள்ளோம். அவ்வாறு வாழ்வதே அவர்களுக்கு நாம் சூட்டும் மாலை.