கசங்காத சேலை, கசகசக்கும் சட்டை

அம்மாவின் நூல் சேலைக்கு வாரம் தவறாமல் கஞ்சி போட வேண்டும். வடித்த கஞ்சியில் நீர் விட்டு, முக்கிப் பிழிந்து, ஆளுக்கொரு முனையைப் பிடித்து உதறிக் காயப்போட்டு, அதன்பின் இஸ்திரி. வீட்டுக்குள் பூனம் என்ற பாலியஸ்டர் சேலை வந்ததும் இத்தனை வேலையும் ஒழிந்தது. இரவில் அலசிக் கொடியில் போட்டால் விடிவதற்குள் காய்ந்திருக்கும். அப்படியே உடுத்திக்கொண்டு பஸ் பிடிக்கலாம். பாலியஸ்டரைக் குறை சொல்பவர்கள் இதைப் பேசுவதேயில்லை. வேலைக்குப் போகும் பெண்களுக்கு அது மிச்சம்பிடித்துக் கொடுத்த நேரம் பெரிது.

1941-இல் இங்கிலாந்தில் ஜான் வின்ஃபீல்டும் ஜேம்ஸ் டிக்சனும் கண்டறிந்த இழை இது. பெட்ரோலியத்திலிருந்து வருகிறது. தண்ணீர் பாட்டிலும் இதே பொருள்தான்: உருக்கி நுண்துளைகள் வழியே பிதுக்கினால் நூல், அச்சில் ஊதினால் பாட்டில். இந்த இழைக்குத் தண்ணீரோடு ஒட்டில்லை. சாதாரணக் காற்றிலேயே பருத்தி தன் எடையில் 7, 8 சதவீத ஈரத்தை உள்வாங்கிக்கொள்ளும். பாலியஸ்டர் அரை சதவீதம்கூட வாங்காது. சீக்கிரம் காய்வது அதனால்தான். வியர்வையைத் துணி குடிக்காமல் முதுகில் வழிய விடுவதும் அதனால்தான். எண்ணெய்ப் பிசுக்கை மட்டும் விடாமல் பிடித்துக்கொள்ளும். துவைத்த பிறகும் அக்குள் வாடை போகாது.

சேலையில் காற்று புகும், பொறுத்துக்கொள்ளலாம். பள்ளிச் சீருடைதான் என்னை வருத்துகிறது. டெரிகாட்டன் என்று நாம் வாங்கும் துணியில் பெரும்பாலும் 67 பங்கு பாலியஸ்டர், 33 பங்கு பருத்தி. சாயம் போகாது, முழங்கால் கிழியாது, அண்ணன் போட்டதைத் தம்பிக்கும் போடலாம். கையில் காசு குறைவான வீட்டுக்கு இது உண்மையான உதவி. ஆனாலும் மின்விசிறி எட்டாத கடைசி பெஞ்சில், ஜூன் வெயிலில், கழுத்துப் பட்டன் வரை பூட்டிக்கொண்டு பிள்ளை மாலைவரை உட்கார வேண்டியிருக்கிறது. நம் ஊர் வெக்கைக்கு இந்தக் கணக்கைத் திருப்பிப்போட்டு, பருத்தியை மேலே கொண்டுவர வேண்டும். சட்டை ஓராண்டு முன்னதாகக் கிழியும், கிழியட்டும்.

இன்னொரு குறையை வீட்டிலேயே பார்க்கலாம். ஒரு நூலை உருவித் தீக்குச்சியில் காட்டுங்கள். பருத்தி, காகிதம் எரியும் வாடையோடு சாம்பலாகி ஊதினால் பறந்துவிடும். பாலியஸ்டர் சுருண்டு, உருகி, நுனியில் கறுத்த மணியாக இறுகும். நகத்தால் நசுக்கினாலும் உடையாது. அந்த மணி உருகிய நிலையில் தோலில் ஒட்டினால் உதற முடியாது, சதையோடு சேர்ந்துகொள்ளும். பருத்தி உடுத்திப் பட்டாசு வெடியுங்கள் என்று தீபாவளிதோறும் சொல்கிறார்களே, இதற்காகத்தான். அடுப்பிலோ தினமும் தீ எரிகிறது. அம்மா இன்றும் சமையலறைக்குள் போகுமுன் பழைய நூல் சேலைக்கு மாறிக்கொள்கிறார்.