ஏட்டு மருதியும் நாட்டு மருதியும்

புதுமைப்பித்தனின் ‘துன்பக்கேணி’யிலே, மருதி கூலியாக இலங்கைத் தேயிலைத் தோட்டம் செல்கிறாள். கதை முடிந்தது, கொடுமை முடிந்ததா? இல்லை! 1948-இல் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றோராக்கிற்று. 1964-இல் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களைப் பங்கிட்டது: இந்தியாவுக்கு 5,25,000 பேர், இலங்கைக்கு 3,00,000 பேர். எஞ்சிய 1,50,000 பேரை 1974-இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்தனர். அவர்களது விருப்பத்தைக் கேட்டவர் யார்? ஆடுமாடுகளா அவர்கள்?

1983-க்குப் பின் உயிர் தப்பி வந்த அகதிகளுள்ளும் மலையகத்தார் உண்டு. ஆயினும் 2019-ஆம் ஆண்டின் குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் என மூன்று நாடுகளையே குறித்தது, மதத்தை அளவுகோலாக்கிற்று, ஈழத்தமிழரை மறந்தது. 2021-இல் தமிழக அரசு அகதிகள் முகாமை ‘மறுவாழ்வு முகாம்’ என்றது. நல்ல பெயர்தான், பெயர் குடியுரிமை ஆகுமா?

வெம்பக்கோட்டை அகழாய்வில் கிடைத்த சங்கு வளையலைக் காட்டி, கடலோடு உறவாடிய இனம் நாம் என்று பெருமை பேசுகிறோம். நம் மாவட்டத்துக் குல்லூர்சந்தை முகாமிலே கடல் கடந்து வந்த உறவு காத்துக் கிடக்கிறது! ஏட்டு மருதிக்குக் கண்ணீர் வடிக்கும் இலக்கிய அன்பர்களே, நாட்டு மருதிக்காக வாய் திறப்பது எப்போது? தோழர்களே, நாம் கேட்பது இரக்கமன்று, உரிமை!